200 எம்பிபிஎஸ் பிளானில் 40தான் வருகிறதா? ரூட்டரை மாற்றும் முன் வீட்டைக் கவனியுங்கள்

சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பரில் பல நாடுகளில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு வரவில்லை. விலையோ வரியோ காரணம் இல்லை. அந்தக் கருவியில் உள்ள வைஃபை 7, 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. அதை இன்னும் வைஃபைக்கு அனுமதிக்காத நாடுகளில் இது கிடைக்காது என்று சோனியே சொன்னது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து, 2025 மே மாதத்தில், மத்திய தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது. 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 500 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் வைஃபைக்குப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இந்த அலைவரிசை யாருக்கு என்பதில் பல வருடமாக இழுபறி. மொபைல் நிறுவனங்கள் முழுவதும் தங்கள் சேவைக்கு வேண்டும் என்றன. டெக் நிறுவனங்கள் வைஃபைக்கு வேண்டும் என்றன. கீழ்ப்பாதி வைஃபைக்கு, மேல்பாதி மொபைலுக்கு என்பதுதான் அரசு எடுத்த நடுவழி.

கேமருக்கு இது நல்ல செய்தி. ஆனால் மதுரையில் வீட்டில் உட்கார்ந்து சென்னை, பெங்களூரு அலுவலகத்துக்கு வேலை பார்க்கிறவரின் கேள்வி வேறு. மீட்டிங் நடுவில் முகம் உறைந்து நிற்கிறது. "யூ ஆர் நாட் ஆடிபிள்" என்று மேனேஜர் சொல்கிறார். கேபிள்காரருக்கு போன் அடித்தால், "எங்க சைடு எல்லாம் ஓகே அண்ணே, ரூட்டர மாத்திப் பாருங்க" என்கிறார். கடைக்குப் போனால் "புதுசா வைஃபை 7 வந்திருக்கு" என்று பெரிய பெட்டியை நீட்டுகிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலான வீடுகளுக்கு, வேண்டாம். சிக்கல் அந்தப் பெட்டியில் இருக்கும் எண்ணில் இல்லை. சுவரில் இருக்கிறது, ரூட்டர் வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது, சில நேரம் அதன் பின்பக்கம் இருக்கும் ஒரு துளையில் இருக்கிறது.

மூன்று அலைவரிசை, மூன்று குணம்

ரூட்டர் என்பது ஒரு சின்ன ரேடியோ நிலையம். 2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற மூன்று அலைவரிசைகளில் ஒன்றிலோ இரண்டிலோ மூன்றிலுமோ அது பேசும். அலைவரிசை எண் கூடக்கூட வேகத்துக்கு இடம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் தெம்பு குறையும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் மூத்தது. இரண்டு மூன்று சுவர் தாண்டியும் போகும். ஆனால் இந்தியாவில் அதற்கு ஒதுக்கிய மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் ஒன்றோடு ஒன்று இடிக்காத சேனல்கள் மூன்று: 1, 6, 11. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில்தான் புழங்குகின்றன.

இப்போது மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மேலே மாடி, அதற்கு மேலே இன்னொரு மாடி. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினைந்து இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். அத்தனையும் அந்த மூன்று சேனலுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. வைஃபைக்கு ஒரு மரியாதையான பழக்கம் உண்டு: அதே சேனலில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும் வரை காத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஐபிஎல் பார்த்தால் உங்கள் ரூட்டர் காத்திருக்கிறது என்று அர்த்தம். பகலில் நன்றாக ஓடிய நெட் ராத்திரி 8 மணிக்கு மேல் சுத்த ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழியெல்லாம் நெட் கம்பெனிக்குப் போகிறது.

5 ஜிகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைவரிசையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. 2.4-ல் உள்ளதைவிட ஏழு மடங்கு. சுவரைத் தாண்டுவதில் இது கொஞ்சம் சோனி. ஆனால் நெருக்கமான தெருவில் அந்தச் சோனித்தனமே லாபம். உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்குச் சரியாகப் போகாது என்றால், அவருடையதும் உங்கள் வீட்டுக்குள் வந்து இடைஞ்சல் பண்ணாது.

6 ஜிகாஹெர்ட்ஸ் இதைவிட ஒரு படி நோஞ்சான். அதோடு விதிகளே அதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன: வீட்டுக்குள் அதிகபட்சம் 30 டிபிஎம், அதாவது 1 வாட். வெளியிடத்தில் 14 டிபிஎம், சுமார் 25 மில்லிவாட். கார், படகு, டிரோன், எண்ணெய்க் கிணற்று மேடை ஆகியவற்றில் கூடாது. ரூட்டர் இருக்கும் அதே அறையில் உட்கார்ந்து பெரிய ஃபைல்களை அள்ளுபவருக்கும், விஆர் கண்ணாடி மாட்டி விளையாடுபவருக்கும் இது அருமையான வசதி. ஹாலில் ரூட்டர், கடைசி அறையில் லேப்டாப் என்று இருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் போனும் லேப்டாப்பும் 6 ஜிகாஹெர்ட்ஸைப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது தனிக்கதை.

சுவர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரூட்டர் பெட்டியில் "3 பெட்ரூம் வீடு முழுக்கக் கவரேஜ்" என்று படம் போட்டிருப்பார்கள். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பல இடங்களில் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். நம் ஊரில் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் 4.5 அங்குலம், மேலே கம்பி கட்டிய கான்கிரீட். பழைய வீடு என்றால் சுண்ணாம்புக் காரைச் சுவர், கை அகலத்துக்கு மேல் தடிமன். அந்தப் படம் இந்த வீட்டுக்கு வரைந்தது இல்லை.

பெட்டியில் உள்ள எண் யாருடைய வேகம்?

ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400. ரூட்டர் பெயரோடு இப்படி ஒரு எண் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்து தலைமுறையைச் சொல்கிறது. ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6, பிஇ என்றால் வைஃபை 7. எண், அந்த ரூட்டரின் எல்லா அலைவரிசையின் வேகத்தையும் கூட்டி, கொஞ்சம் தூக்கிப் போட்ட கணக்கு.

ஏசி1200-ஐப் பிரித்தால் 2.4-ல் 300, 5-ல் 867. கூட்டினால் 1167. அதை 1200 ஆக்கிவிட்டார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் பேசும் என்பதால், இந்தக் கூட்டல் எந்தப் போனுக்கும் கிடைக்காத வேகம். 867 என்பதுமே ஆய்வகக் கணக்கு. ஒரே அறையில், சுவர் இல்லாமல், அதில் பாதி வந்தால் நல்ல ரூட்டர்.

ஏஎக்ஸ்5400-ல் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு 4804 என்று போட்டிருக்கும். அது நான்கு ஆன்டெனா, 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்ற கணக்கில் வருவது. கையில் இருக்கும் போனில் பொதுவாக இரண்டு ஆன்டெனாதான். இரண்டு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் வைஃபை 6 போனுக்கு உச்சம் 1201. போன் வைஃபை 5 என்றால் அதே 867. ரூட்டருக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்தாலும் போன் தன் அளவுக்கு மேல் வாங்காது.

இதில் யாரும் கடையில் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காததால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரூட்டரின் பின்பக்கம் நெட் ஒயரைச் செருகும் போர்ட்டின் வேகம் என்ன?

விலை குறைந்த ஏசி1200 மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். வைஃபை பக்கம் 867 என்று மார்தட்டினாலும், வெளியில் இருந்து உள்ளே வரும் வாசல் 100தான். அதிலும் நடைமுறையில் 94, 95-க்கு மேல் தாண்டாது. மாதாமாதம் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுபவர், இந்த ரூட்டரை வைத்திருந்தால் பாதிக் காசைத் தண்ணீரில் விடுகிறார். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் "10/100" என்று இருந்தால் அது 100. "10/100/1000" அல்லது "கிகாபிட்" என்று இருக்க வேண்டும். பிளான் 100-க்கு மேல் என்றால் இதில் சமரசம் வேண்டாம்.

அப்படியென்றால் வைஃபை 6-ல் என்னதான் விசேஷம்? உச்ச வேகத்தைவிட, கூட்டத்தைச் சமாளிப்பதில்தான் அதன் திறமை. பழைய முறையில் ரூட்டர் ஒரு சவாரிக்கு ஒரு ஆளைத்தான் ஏற்றும். வைஃபை 6 ஷேர் ஆட்டோ மாதிரி. போன், டிவி, சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லோருக்குமான சின்னச் சின்னச் சரக்கை ஒரே சவாரியில் ஏற்றிவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் கருவிகள் பதினைந்தைத் தொட்டுவிட்டன என்றால் வித்தியாசம் தெரியும். தனியாக ஒரு அறையில் இருக்கும் பேச்சிலருக்கு ஏசி1200-ஏ போதும், கிகாபிட் போர்ட்டோடு.

முதலில் ஒரு ஒயர், பிறகு கடை

புது ரூட்டர் வாங்கும் முன் பத்து நிமிஷச் சோதனை ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை லேன் ஒயரில் நேராக ரூட்டரோடு இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். லேப்டாப்பில் அந்த போர்ட் இல்லை என்றால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று கடன் வாங்குங்கள்.

ஒயரிலேயே 200-க்கு 40 வந்தால் ரூட்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. லைனில் கோளாறு, அல்லது அந்த ஏரியாவில் கேபிள்காரர் ஒரே குழாயில் நிறைய வீட்டைத் தொங்கவிட்டிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டோடு அவரிடம்தான் பேச வேண்டும். "ஒயர்ல போட்டே 40தான் வருது" என்று சொன்னால் "ரூட்டர மாத்துங்க" என்ற பதில் எடுபடாது. ஒயரில் சரியாக 94, 95-ல் போய் நின்றால், அது போர்ட் பிரச்சினை. ஒயரில் 200 வந்து, ரூட்டர் பக்கத்தில் வைஃபையில் நின்றும் 40 வந்தால், போன் 2.4-ல் தொங்கிக்கொண்டிருக்கிறது. 5-க்கு மாறுங்கள். ரூட்டரில் 5-ஏ இல்லையா? அப்போதுதான் கடைக்குப் போகும் நேரம்.

பக்கத்தில் 180, கடைசி அறையில் 15 என்றால் அது வீட்டின் அமைப்பு. இங்கேதான் காசு செலவில்லாமல் நிறையச் சாதிக்கலாம். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் ஒயர் எங்கே உள்ளே நுழைந்ததோ அங்கேயே, பெரும்பாலும் தெருவாசல் ஜன்னல் பக்கம், டிவிக்குப் பின்னால் ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அலை வட்டமாகப் பரவுகிறது. வாசலில் வைத்தால் பாதி சிக்னல் தெருவுக்குச் சேவை செய்கிறது. நடு ஹாலுக்கு, ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்துக்குக் கொண்டுவந்தாலே பல வீடுகளில் புது ரூட்டர் தேவைப்படாது.

இரும்பைத் தவிர்ப்பது அடுத்த வேலை. நம் வீடுகளில் சிக்னலுக்கு முதல் எதிரி ஸ்டீல் பீரோ. உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். ரூட்டருக்கும் படிக்கிற மேஜைக்கும் நேர்க்கோட்டில் பீரோ நின்றால் எந்த வைஃபை 7-ம் அதைத் துளைக்காது. ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எல்லாம் அதன் தம்பிகள்.

இரண்டு பெட்டிக் குழப்பம்

ஃபைபர் கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது ஓஎன்டி என்ற பெட்டி. அதை வீட்டுக் கருவிகளுக்குப் பங்கு போடுவது ரூட்டர். இப்போது பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் தருகின்றன. ஓஎன்டி நிறுவனத்தின் பதிவில் வரிசை எண்ணோடு ஏறியிருக்கும். அதனால் கடையில் வேறு ஒன்றை வாங்கி நீங்களாகவே மாற்ற முடியாது. செய்யக்கூடியது, ஓஎன்டியை அப்படியே விட்டு, அதன் லேன் போர்ட்டில் இருந்து ஒரு ஒயர் எடுத்து உங்கள் சொந்த ரூட்டரில் செருகுவது. பிறகு பழைய டப்பாவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர்கள் சண்டை போடும்.

"ஃப்ரீ ரூட்டர்" என்று கொடுப்பதில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று கனெக்‌ஷன் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. 2.4 மட்டும் உள்ள டப்பாவைக் கொடுத்து 150, 200 எம்பிபிஎஸ் பிளான் விற்பது காரை விற்றுவிட்டு சைக்கிள் சாவியைக் கொடுப்பது மாதிரி.

மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது?

கே.கே.நகர், அண்ணாநகர், திருநகர் பக்கம் தனி வீடுகளில் வழக்கமான புகார் மாடி. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் 5 ஜிகாஹெர்ட்ஸை அப்படியே அமுக்கிவிடும். உடனே எல்லோரும் வாங்குவது சுவரில் செருகும் ரிப்பீட்டர். விலை குறைவு, பலனும் குறைவு. ஒரே ரேடியோவில் ரூட்டரிடம் கேட்டு, அதையே உங்களிடம் திருப்பிச் சொல்வதால் வேகம் சுமார் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் செருகிவிட்டு "வேலை செய்யலை" என்பார்கள். சிக்னல் ஓரளவு நன்றாக உள்ள நடுவழியில் வைத்தால்தான் அதற்கே ஏதாவது கிடைக்கும்.

மெஷ் என்பது இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில், ஒரே குழுவாக வேலை செய்வது. நடந்துகொண்டே பேசினாலும் போன் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும். ஆனால் அந்தப் பெட்டிகளும் காற்றில்தான் பேசிக்கொள்கின்றன என்றால் கான்கிரீட் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். மாடிப்படி வழியாக ஒரு கேட்6 ஒயரை இழுத்து, மேலே ஒரு சாதாரண ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைப்பது, விலை உயர்ந்த மெஷ்ஷைவிடப் பல வீடுகளில் நன்றாக வேலை செய்யும். ஒயர் அசிங்கமாகத் தெரியுமே என்று வீட்டில் சொல்வார்கள். புது வீடு கட்டுபவர்கள் எலக்ட்ரீஷியனிடம் ஒவ்வொரு மாடிக்கும் லேனுக்குத் தனியாக ஒரு பைப் விடச் சொல்லிவிட்டால் இந்தப் பேச்சே வராது. பூசி முடித்த சுவரை உடைப்பதைவிட அது சல்லிசு.

கரன்ட்டும் வெயிலும்

பெட்டியில் இருக்காத, மதுரைக்கு முக்கியமான இரண்டு விஷயங்கள். முதலாவது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரன்ட் போகும் நாளில் லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரூட்டர் செத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஓஎன்டி தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கரன்ட் கொடுத்துப் பயன் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜிபான் முறையில் வரும் ஃபைபரில், நிறுவனத்தின் நிலையத்தில் இருந்து உங்கள் வீடு வரை வழியில் எங்கும் கரன்ட் தேவையில்லை. பிரிப்பான்கள் வெறும் கண்ணாடி. தெருவே இருட்டானாலும் நெட் ஓடும். ஆனால் சில இடங்களில் தெருக் கம்பத்தில் சுவிட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து லேன் ஒயரில் வீட்டுக்கு இழுத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குக் கரன்ட் போனால் உங்கள் மினி யுபிஎஸ் சும்மா விளக்கு எரிக்கும், அவ்வளவுதான். கனெக்‌ஷன் எடுக்கும்போது "வீடு வரைக்கும் ஃபைபரா, கம்பம் வரைக்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது வெயில். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களின் கையேட்டில், இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே இருக்கும் காற்றே 40-ஐத் தொடுகிறது. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே, பரண்மேல், மூடிய அலமாரிக்குள் வைத்த ரூட்டரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் 3 மணிக்குத் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும் ரூட்டருக்குப் பேய் பிடிக்கவில்லை, சூடு தாங்கவில்லை. நாலு பக்கமும் காற்று புக இடம் விடுங்கள். அதன் மேல் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்காதீர்கள்.

பாஸ்வேர்டு என்ற வாசற்கதவு

2017 ஜூலையில் நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கின. கம்பெனியில் இருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுதான் அது நுழைந்த வழி. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ, நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய ரூட்டர்களைக் குற்றவாளிகள் பிடித்து, தங்கள் தடத்தை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரித்தது. வேறொருவர் செய்த மோசடிக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரி அடையாளமாகப் பதிவாகும்.

இதற்கு இரண்டு வேலைகள். வைஃபை பாஸ்வேர்டு ஒன்று, ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் போகும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். செல்போன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைப்பது நம் ஊரில் தேசிய வழக்கம். கேட்டுக்கு வெளியே "டு லெட்" போர்டில் அதே நம்பர் தொங்குகிறது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அடுத்தது, வாங்கும்போதே டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் தானியங்கி அப்டேட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது.

மாடியில் குடியிருப்பவரோடு நெட்டைப் பங்கு போட்டுப் பில்லைப் பிரித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் என்பது பேச்சில் வருவதில்லை. பங்கு போட்டே ஆக வேண்டும் என்றால் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியில் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். உங்கள் லேப்டாப்பும் கேமராவும் அவர்கள் பக்கம் தெரியாது.

ஊருக்கு வெளியே கணக்கு மாறும்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் மேலே சொன்னதில் பாதி தலைகீழாகிவிடும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வைஃபை பட்டியலில் இரண்டு பெயர் வந்தால் அதிகம். மாசி வீதியில் மூச்சுத் திணறிய அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இங்கே காலியாகக் கிடக்கிறது. முற்றம் தாண்டி மாட்டுக் கொட்டகை கேமரா வரைக்கும் போகும். இங்கே காசு கொட்டி ரூட்டர் வாங்குவதில் அர்த்தம் இல்லை. தடை வீட்டுக்குள் இல்லை, வீட்டுக்கு வரும் வழியில் இருக்கிறது.

அந்த வழிக்குத் தமிழ்நாட்டில் அரசு போட்ட திட்டம் பாரத்நெட். மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் மூலம் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைப்பது அதன் இலக்கு. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தாலும், அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க ஒரு ஆள் வேண்டும். வீடுகள் சிதறியுள்ள ஊரில் கேபிள்காரருக்கு அது கட்டுப்படியாவதில்லை. அந்த இடைவெளியில் 2023-ல் இருந்து ஏர்டெல், ஜியோ இரண்டும் 5ஜி சிக்னலை வைத்து ஏர்ஃபைபர் என்ற பெயரில் வீட்டு இணைப்பு விற்கின்றன. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரூட்டர். இதில் வேகத்தை முடிவு செய்வது, மாடியில் இருக்கும் பெட்டிக்கும் டவருக்கும் நடுவே மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்பதுதான். கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை வேகத்தைச் சோதித்துப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது?

பிளான் 100 எம்பிபிஎஸ் வரை, ஆள் ஒன்றிரண்டு என்றால் கிகாபிட் போர்ட் உள்ள ஏசி1200. குடும்பம், 100-க்கு மேல் பிளான், வீட்டில் இருந்து வேலை என்றால் ஏஎக்ஸ்1500 அல்லது ஏஎக்ஸ்3000, இரண்டு அலைவரிசையோடு. மாடி வீடு என்றால் அதே ரூட்டரோடு ஒரு ஒயரும் மேலே இன்னொரு சாதாரண ரூட்டரும். ஆன்டெனா எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டாம். ஆறு கொம்பு முளைத்த ரூட்டர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், உள்ளே இருப்பது இரண்டு ரேடியோவாக இருக்கலாம்.

வைஃபை 7 வேண்டவே வேண்டும் என்பவர்கள் பெட்டியில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வைஃபை 7 என்று விற்கும் எல்லாவற்றிலும் 6 ஜிகாஹெர்ட்ஸ் இல்லை. 2.4, 5 மட்டும் உள்ள மாடல்களும் அதே பெயரில்தான் வருகின்றன. "டூயல் பேண்ட்" என்று இருந்தால் அதில் 6 இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "ட்ரை பேண்ட்" என்று இருந்தாலும் மூன்றாவது எது என்று படித்துப் பாருங்கள், அதுவும் இன்னொரு 5 ஆக இருக்கலாம். அமெரிக்காவில் இருந்து அண்ணன் வாங்கி வரும் ரூட்டரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே 2020-லேயே 5925 முதல் 7125 வரை முழுவதையும் வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள். இந்திய விதிகள் 6425-ல் நின்றுவிடுகின்றன. அந்த ரூட்டரை அமெரிக்க செட்டிங்கிலேயே ஓட்டினால், இங்கே வைஃபைக்கு இல்லாத மேல்பாதியில் போய்ப் பேசும். செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்ற முடிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்கும் பல மாடல்களில் அந்த வசதி பூட்டியே இருக்கும்.